கம்பியில்லா இணைப்பும் நம் வீட்டு அச்சுப்பொறியும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

விஞ்ஞானம் வளர வளர வீடெங்கும் கம்பிகளாக நிறைந்துவிடும் என்றுதான் ஒரு காலத்தில் பலரும் எண்ணினார்கள். நடந்ததோ அதற்கு நேர்மாறு. தொலைபேசியின் கம்பி போயிற்று. கணிப்பொறியின் கம்பி போயிற்று. இப்போது அச்சுப்பொறியின் கம்பியும் போய்விட்டது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களிலும் கண்ணாடி இழை வழியே இணையம் வாசலுக்கு வந்து, சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டியில் பச்சை விளக்காக மின்னுகிறது. அந்தப் பெட்டியை நாம் ‘வைஃபை’ என்கிறோம். இணையத்தையும் ‘வைஃபை’ என்றே சொல்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இந்த வேற்றுமை தெரியாததால்தான் சில வீடுகளில் ஆசையோடு வாங்கிய பிரிண்டர் துணி போர்த்தி மூலையில் இருக்க, வீட்டார் கையில் செல்பேசியுடன் ஜெராக்ஸ் கடை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

ஆகவே தோழியரே, கம்பியில்லா இணைப்பு என்பது என்ன, அதில் பிரிண்டரைச் சேர்ப்பது எப்படி, சேராமல் அடம் பிடித்தால் என்ன செய்வது என்பனவற்றை இங்கே சொல்ல முற்படுகிறேன். இடையில் நம் வில்லியனூரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அது பெரியோருக்கு நினைவிருக்கலாம். நம்மில் பலருக்குத் தெரியாது.

அலையின் வேகம் என்பது அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் வருவது என்று இயற்பியலில் படிக்கிறோம். வைஃபையும் ஒளியைப் போன்ற மின்காந்த அலைதான். நொடிக்கு 30 கோடி மீட்டர் வேகத்தில் செல்வது. வீட்டு வைஃபையின் அதிர்வெண் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 240 கோடி அதிர்வுகள். வகுத்துப் பார்த்தால் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர் வரும். நம் உள்ளங்கையின் நீளத்தைவிடச் சற்றே அதிகம். மற்றோர் அதிர்வெண்ணான 5 கிகாஹெர்ட்ஸுக்கு இதே கணக்கைப் போட்டால் 6 சென்டிமீட்டர். நீளம் குறைந்த அலை அதிகச் செய்தியைச் சுமக்க வசதியானது. ஆனால் சுவரைக் கடப்பதில் சற்றுப் பலவீனமானது. இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக் கொண்டால் பின்னால் வரும் பாதித் தொல்லைகள் விளங்கிவிடும்.

ஒரு வீட்டையும் இன்னொரு வீட்டையும் இத்தகைய குறு அலையால் இணைத்தவர்களுள் மார்க்கோனி முன்னோடி. அவர் இணைத்தது யாருடைய வீட்டை என்பதைக் கேட்டால் வியப்பீர்கள். 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திறந்து வைத்த வத்திக்கான் வானொலி நிலையத்தை அமைத்துக் கொடுத்தவர் அவரே. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1933 பிப்ரவரியில், வத்திக்கானுக்கும் திருத்தந்தையரின் கோடைக்கால இல்லம் இருந்த காஸ்டல் கண்டோல்ஃபோவுக்கும் இடையே, ஏறத்தாழ அரை மீட்டர் நீள அலைகளைக் கொண்டு கம்பியில்லாப் பேச்சுத் தொடர்பையும் ஏற்படுத்தினார். தொலைத்தொடர்புப் பணியாளர்களுக்குப் பாதுகாவலராக அதிதூதர் கபிரியேலை 1951 இல் அறிவித்தவர் பன்னிரண்டாம் பத்திநாதர். செய்தி கொண்டு வருவதில் கபிரியேலைவிட அனுபவசாலி யார் இருக்க முடியும்!

பேச்சை அனுப்புவது ஒரு வகை. பல கணிப்பொறிகள் ஒரே காற்றைப் பங்கிட்டுக் கொண்டு, ஒன்றன் பேச்சில் மற்றொன்று குறுக்கிடாமல் இருப்பது வேறு வகை. இதற்கு வழி காட்டியது ஹவாய்ப் பல்கலைக்கழகம். தீவுகளில் சிதறிக் கிடந்த கணிப்பொறிகளை 1971 இல் அவர்கள் வானொலி மூலம் இணைத்தார்கள். அதற்கு ‘அலோஹா’ என்று பெயர். அவர்கள் கண்ட உபாயம் மிகச் சாதாரணமானது. அனுப்பிவிடு, போய்ச் சேர்ந்தது என்ற பதில் வராவிட்டால், இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டோம் என்று பொருள், அவரவர் மனம்போன அளவு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பு. இன்றைய வைஃபை இன்னும் சற்று மரியாதையானது. யாரேனும் பேசுகிறார்களா என்று முதலில் செவிசாய்த்துக் கேட்டுவிட்டுப் பிறகே பேசும். ஆசிரியை வெளியே சென்ற நேரத்தில் நம் வகுப்பு நடந்துகொள்ளும் முறைக்கு இது முற்றிலும் மாறானது.

வைஃபைக்கான உலகப் பொது விதி 1997 இல் வந்தது. ‘வைஃபை’ என்ற பெயர் 1999 இல் சூட்டப்பட்டது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வீட்டுக்குள்ளும் வெளியிலும் உரிமம் இல்லாமல் உபயோகிக்கலாம் என்று மத்திய அரசு 2005 இல் அறிவித்தது. அதனால்தான் நாம் எந்த அலுவலகத்திற்கும் விண்ணப்பம் எழுதாமல் கடையில் வாங்கிய பெட்டியை அப்படியே மாட்டிவிடுகிறோம்.

இனி வில்லியனூர்ச் செய்தி. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் நம் புதுச்சேரிக் கிராமங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் பொருளுதவி செய்தது. ஊருக்கு ஓர் அறிவு மையம் அமைத்து, அதில் கணிப்பொறி வைத்து, விவசாயிக்கும் மீனவருக்கும் வேண்டிய செய்திகளைத் தமிழில் கிடைக்கச் செய்வதே நோக்கம். கீழூர், எம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் முதலிய ஊர்களில் மையங்கள் அமைந்தன. (1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த அதே கீழூர்தான்.) எம்பலத்தில் மையம் இருந்த இடம் ஒரு பழைய கோயில் கட்டிடம். அங்கே அதை நடத்தியவர்கள் அவ்வூர்ப் பெண்கள்.

அந்நாளில் கிராமத்துத் தொலைபேசிக் கம்பியை நம்பிக் கணிப்பொறியை இணையத்தில் சேர்ப்பது கடினம். மின்சாரமும் அப்படித்தான். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லா ஊருக்கும் இணையம் கொடுக்க முயலவில்லை. வில்லியனூரை மட்டும் நடுமையமாக வைத்துக் கொண்டார்கள். தொலைபேசிக் கம்பி மூலம் இணையத்தோடு பேசியது வில்லியனூர் மட்டுமே. அங்கிருந்த பணியாளர்கள் ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கி, நம் பகுதிக்கு உரியதைப் பொறுக்கியெடுத்து, இருவழி வானொலிக் கருவி மூலம் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அனுப்பினார்கள். கிராமத்திலிருந்து கேள்வி வந்தால் அதுவும் அதே வழியில் திரும்பி வந்தது. அவ்வானொலி அலைகள் ஒரு மீட்டருக்கும் பத்து மீட்டருக்கும் இடைப்பட்ட நீளமுடையவை. ஆகையால் பல கிலோமீட்டர் தூரம் செல்லக்கூடியவை. மின்சாரம் போனாலும் மையங்கள் நிற்காதிருக்கச் சூரிய ஒளித் தகடுகள் வைத்தார்கள். நெல் விலை, அரசு நலத்திட்டங்களின் விவரம், மருத்துவர் இருக்கும் இடம், பேருந்து நேரம் என்று பலவும் கிடைத்தன. ‘நம்ம ஊரு செய்தி’ என்று மாதமிருமுறை ஓர் இதழும் அச்சிட்டார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பைத் தமிழில் பேசிப் பதிவு செய்து, கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து மீனவர்கள் கேட்கும்படி செய்தார்கள். 

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நம் கடற்கரையில் உள்ள நல்லவாடு கிராமத்தார் உயிர் தப்பியதும் இவ்விதமே. சிங்கப்பூரில் வேலையிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் அங்கே தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரிலிருந்தவர்கள் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன; மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள். வெளியுலகிலிருந்து வந்தது ஒரே ஒரு தொலைபேசிச் செய்தி. அதை ஊர் முழுவதற்கும் கொண்டு சேர்த்தது ஊருக்குள்ளேயே இருந்த சாதனம்.

இப்போது உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். அதுதான் வீட்டுக்குள் ஒரு வில்லியனூர். அதன் முறையான பெயர் ரூட்டர். தெருவிலிருந்து வரும் இழை, அந்நாளைய தொலைபேசிக் கம்பி போன்றது, அதுவே இணையம். பெட்டியிலிருந்து காற்றில் பரவி அப்பாவின் செல்பேசி, அக்காவின் மடிக்கணினி, மேசைமேல் உள்ள பிரிண்டர் ஆகியவற்றைத் தொடுகிறதே, அது வைஃபை. அதுவே வீட்டு வலை. செல்பேசியிலிருந்து பிரிண்டருக்குப் போகும் செய்தி தெருவுக்குப் போக வேண்டியதே இல்லை. கூடத்திலிருந்து ரூட்டருக்கு, ரூட்டரிலிருந்து மேசைக்கு, அவ்வளவுதான். 

ஐயமிருந்தால் சோதித்துப் பார்க்கலாம். பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, தெருவிலிருந்து இழையைக் கொண்டு வரும் சிறு பெட்டி தனியாக இருந்தால் அதை மட்டும் அணைத்துவிட்டு ரூட்டரை எரிய விடுங்கள். எல்லாம் ஒரே பெட்டியாக இருந்தால் இணையம் தானாக அறுந்து கிடக்கும் ஒரு நாள் வரை காத்திருங்கள். அதிக நாள் காக்க வேண்டியிராது. இணையம் இல்லை என்று செல்பேசி முறையிடும். ஆனால் செல்பேசியில் ஏற்கெனவே உள்ள படத்தை அச்சுக்கு அனுப்பினால் காகிதம் வெளியே வரும். எங்கள் வீட்டில் இதை நாங்கள் பார்த்தபோது, பக்கத்தில் இருந்த ஆயா, “அப்போ இதுக்கு மாசம் மாசம் காசு கட்ட வேணாமா?” என்று கேட்டார். அச்சடிக்க மட்டுமானால் வேண்டாம் என்பதே சரியான விடை.

இனி அமைக்கும் முறை. முதலில் ரூட்டரை வைக்கும் இடம். இழை போட வருபவர் வாசலுக்கு அருகில், தமக்கு வசதியான இடத்தில் மாட்டிவிட்டுப் போவார். கூடுமானவரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே இருக்குமாறு கேளுங்கள். இரும்புப் பீரோவுக்குப் பின்னால் வைத்தால் அலை திரும்பி விடும். அதிலும் கண்ணாடி பதித்த பீரோ என்றால் சொல்ல வேண்டியதில்லை. நீர் இந்த அலைகளை விழுங்கும். ஆகவே தண்ணீர் பீப்பாய், மீன் தொட்டி இவற்றின் அருகே வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பு ஏறத்தாழ இதே அதிர்வெண்ணில்தான் உணவிலுள்ள நீரைச் சூடாக்குகிறது. அதனால் அது ஓடும்போது அருகிலுள்ள வைஃபை திணறலாம். இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் தளத்தைவிட நம் பழைய ஓட்டு வீடுகள் இந்த விஷயத்தில் உயர்ந்தவை. ரூட்டரின் ஆன்டெனாவை நேராக நிமிர்த்தி வைத்தால் அலை அதைச் சுற்றிலும் உளுந்து வடை வடிவில் பரவும். வடையின் துளை இருக்கும் இடத்தில், அதாவது ஆன்டெனாவின் நேர் மேலும் நேர் கீழும், அலை குறைவு. பிரிண்டர் மாடியில், ரூட்டருக்கு நேர் மேலே இருந்தால் ஓர் ஆன்டெனாவைச் சாய்த்து வைக்க வேண்டும்.

அடுத்தது பெயரும் பாஸ்வேர்டும். பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் இரண்டும் அச்சாகியிருக்கும். வீட்டுக்கு வருபவர் யாரும் படிக்கலாம். அவற்றை மாற்ற, ரூட்டரோடு இணைந்த செல்பேசியின் உலாவியில் 192.168.1.1 அல்லது அச்சீட்டில் குறித்துள்ள எண்ணை இட்டால் ரூட்டரின் உட்பக்கம் திறக்கும். இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டு வலைக்குச் செல்லமாக வீட்டுப் பெண்ணின் பெயரை வைக்கும் வழக்கம் நம் தெருக்களில் இருக்கிறது. சிலர் அதனோடு அவள் பிறந்த ஆண்டையும் சேர்க்கிறார்கள். தெருவில் நடந்து போகும் எவர் செல்பேசியிலும் அந்தப் பெயர் தெரியும். இந்த வீட்டில் இன்ன பெயருடைய, இத்தனை வயதுப் பெண் இருக்கிறாள் என்று வாசலில் பலகை எழுதி மாட்டுவோமா? பெயராக ஒரு மரத்தையோ பறவையையோ வைத்தால் போதுமானது.

பாஸ்வேர்டு குறைந்தது எட்டு எழுத்து இருக்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டுக்கு மேல் இருப்பது நலம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், பிறர் ஊகிக்கவும் முடியாது. உதாரணமாக: கொடுக்காப்புளி, நுகத்தடி, சாளரம், பதினேழு. (இதையே வைத்துவிட வேண்டாம்; அச்சில் வந்துவிட்டது.) பாதுகாப்பு முறை என்று கேட்கும் இடத்தில் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உட்பக்கத்தைத் திறப்பதற்கான பாஸ்வேர்டு வேறு. அதையும் மாற்றி, இரண்டையும் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. செல்பேசியில் எழுதி வைத்தால், செல்பேசி தொலைந்த நாளில்தான் அது தேவைப்படும்.

பிரிண்டருக்கு வருவோம். திரை உள்ள பிரிண்டர் என்றால் வேலை சுலபம். நெட்வொர்க் என்ற பகுதிக்குச் சென்று, வீட்டு வலையின் பெயரைத் தேர்ந்து, பாஸ்வேர்டை இட்டால் தீர்ந்தது. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் திரை இராது. வைஃபை அடையாளமிட்ட ஒரு பொத்தான் மட்டும் இருக்கும். அதைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் விளக்குக் கண் சிமிட்டும். அப்போது பிரிண்டர் தானே ஒரு சிறு வலையைத் தற்காலிகமாக உண்டாக்கிக் கொள்கிறது. அந்த நிறுவனத்தின் செயலியைச் செல்பேசியில் இறக்கியிருந்தால், செல்பேசி அச்சிறு வலைக்குள் நுழைந்து, “இதுதான் வீட்டு வலையின் பெயர், இதுதான் பாஸ்வேர்டு” என்று பிரிண்டருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பும். பிரிண்டர் தன் சிறு வலையைக் கலைத்துவிட்டு வீட்டு வலையில் சேரும். உள்ளே நடப்பது இதுதான் என்று தெரிந்தால், நடுவில் செல்பேசி “இணையம் இல்லை” என்று பயமுறுத்தும்போது பதற மாட்டோம். சில ரூட்டர்களில் டபிள்யூ.பி.எஸ். என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தி இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரின் பொத்தானையும் அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்காமலே சேர்ந்துவிடும். ஆனால் இதே முறையில் எண் கொடுத்துச் சேரும் வகை ஒன்று உண்டு. அதை எளிதில் உடைக்கலாம் என்று 2011 இல் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே வேலை முடிந்ததும் அவ்வசதியை நிறுத்தி வைப்பது புத்திசாலித்தனம்.

ரூட்டரே இல்லாத வீட்டினர் மனம் தளர வேண்டாம். பல பிரிண்டர்களில் வைஃபை டைரக்ட் என்ற ஏற்பாடு உண்டு. பிரிண்டரின் வலையிலேயே செல்பேசியை நேராகச் சேர்த்து அச்சடிக்கலாம்.

சேர்ந்த பிறகும் “பிரிண்டரைக் காணவில்லை” என்று வந்தால் காரணங்கள் பெரும்பாலும் மூன்றே. முதற்காரணம் சிரிப்பை வரவழைப்பது. செல்பேசி வைஃபையில் இராமல் சிம் கார்டின் இணையத்தில் இருக்கும். வீட்டுக்குள்ளேயே நின்றாலும் அது அப்போது வீட்டு வலையில் இல்லை. தெருவில் நிற்பதற்குச் சமம். இரண்டாவது, அலைவரிசை. பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். புதிதாகச் சேர்க்கும்போது செல்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் சில சமயம் இரண்டும் சந்திக்காமல் போகும். அப்போது செல்பேசியைச் சற்று நேரம் 2.4 க்கு மாற்றிச் சேர்த்துவிட்டுப் பின் பழையபடி விடலாம். மூன்றாவது, கதவெண். ரூட்டர் தன் வலையில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் 192.168 என்று தொடங்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். இவ்வெண்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லும் என்று 1996 இல் விதி செய்தார்கள். ஆகவே நம் வீட்டில் உள்ள அதே எண் உலகில் எத்தனையோ வீடுகளில் இருக்கும். எந்த ஊரிலும் ஒரு மாரியம்மன் கோயில் தெரு இருப்பதைப் போல. ரூட்டர் அணைந்து எரியும்போது பிரிண்டருக்கு வேறு எண் கிடைக்கலாம். கணிப்பொறியோ பழைய கதவையே தட்டிவிட்டு “ஆஃப்லைன்” என்று எழுதும். ரூட்டரின் உட்பக்கத்தில் பிரிண்டருக்கென்று ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை ஒழியும்.

தமிழில் அச்சடிப்போருக்கு ஒரு தனிக் குறிப்பு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரும். பி.டி.எஃப். கோப்பாக மாற்றினால் எழுத்துருவும் உள்ளேயே அடங்கிவிடும். எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே அச்சாகும். சங்கத்து அறிவிப்போ, ஆலய விழா நிகழ்ச்சி நிரலோ பழைய கோப்பிலிருந்து எடுப்பவர்களுக்கு இது உதவும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சங்கராபரணியும் தென்பெண்ணையும் பெருகி வில்லியனூர், பாகூர் பக்கத்துத் தாழ்ந்த இடங்கள் நீரில் நின்றன. மின்சாரம் நின்றால் ரூட்டரும் நின்றுவிடும். ஆனால் ரூட்டர் சிறு தீனிக்காரன். ஏறத்தாழ பத்து வாட் அளவே தின்னும். அதற்கென்றே விற்கும் சிறு மின்கலப் பெட்டியை இணைத்தால் சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மை நிரப்பும் இங்க்ஜெட் பிரிண்டரையும் அதில் ஓட்டலாம். லேசர் பிரிண்டரைச் சேர்க்கக் கூடாது. தூள் மையை உருக்கிக் காகிதத்தில் பதிக்க அது ஒரே மூச்சில் பல நூறு வாட் இழுக்கும். இங்க்ஜெட்டிலும் ஒரு தொல்லை உண்டு. பல வாரம் சும்மா இருந்தால் மை காய்ந்து துளை அடைத்துக் கொள்ளும். வாரம் ஒரு பக்கமாவது வண்ணத்தில் அச்சடிப்பது மருந்து.

இவ்வளவு சிரமம் எதற்கு, பத்து ரூபாய் கொடுத்தால் கடையில் ஆகிறதே என்று கேட்கலாம். நானும் யோசித்தேன். நமக்கு அச்சடிக்க வேண்டியவை எவை? ஆதார், ரேஷன் அட்டை, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், பின்னால் மேற்படிப்புக்கான சென்டாக் விண்ணப்பம், எல்லாவற்றிலும் நம் புகைப்படம். கடைக்குச் சென்றால் முதலில் கேட்பது, “இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு” என்பதுதான். அனுப்பிய கணமே நம் செல்பேசி எண், முகம், பிறந்த தேதி, வீட்டு முகவரி நான்கும் சேர்ந்து அறியாத ஒருவர் கணிப்பொறியில் தங்கிவிடுகின்றன. காசு கொடுத்துக் காகிதத்தை வாங்கிக் கொண்டு வருகிறோமே தவிர, கோப்பை யாரும் திரும்ப வாங்கி வருவதில்லை. கடைக்காரர்களில் நல்லவர்களே மிகுதி. ஆயினும் அவர் நல்லவரா என்பதை நம்பி விட வேண்டிய பொருளா இது? கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால், பென் டிரைவில் கொண்டு சென்று அச்சடித்து, அவர் கணிப்பொறியில் நகல் எடுத்திருந்தால் நம் கண்முன் அழித்துவிடச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் தவறொன்றும் இல்லை. பிரிண்டர் உள்ள வீட்டுக்கு இந்தக் கவலையே இல்லை.

பிரிண்டர் உள்ள வீட்டுக்கு வேறொரு கவலை வரும்; அண்டை வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். வரட்டும். பாஸ்வேர்டு கேட்பார்கள். இல்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் வராது. இதற்கென்றே பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினர் வலை என்ற வசதி இருக்கிறது. அதற்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. அதில் சேர்ந்தவர்கள் இணையத்தைப் பார்க்கலாம். வீட்டு வலையிலுள்ள கணிப்பொறியையோ பிரிண்டரையோ தொட முடியாது. திண்ணையில் உட்கார வைத்து உபசரிப்பதைப் போன்றது. அவர்களுக்கு ஏதேனும் அச்சடிக்க வேண்டுமானால் கோப்பை நமக்கு அனுப்பச் சொல்லி, நாம் அச்சடித்துக் கொடுத்து, உடனே அழித்துவிட வேண்டும். கடைக்காரரிடம் எதிர்பார்க்கும் ஒழுங்கை நாமும் காட்ட வேண்டுமல்லவா?

பிரிண்டர் பழுதாகி ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும், பழையதை விற்கும்போதும், அதன் அமைப்புகளில் ‘ஃபேக்டரி ரீசெட்’ என்பதைத் தேடிச் செய்துவிடுங்கள். வீட்டு வலையின் பாஸ்வேர்டு அதற்குள் பதிந்திருக்கிறது. பெரிய இயந்திரமானால் அச்சடித்த பக்கங்களும் அதன் நினைவில் தங்கியிருக்கக்கூடும். ஸ்கேன் செய்யும் கண்ணாடி மூடியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். கடைசியாக நகல் எடுத்த ஆதார் அட்டை அங்கேயே கிடக்கும்.